ஒரு பொய்க்கு ஒரு முடி

ரயில் நிலையத்தில் தவறவிட்ட பொருட்கள் பிரிவில் வேலை பார்த்த ஓர் இளைஞனிடம் யாராவது பொய் சொன்னால், அவன் தலையிலிருந்து ஒரு முடி உதிரும். சின்னப் பொய்க்கும் ஒன்றுதான், பெரிய பொய்க்கும் ஒன்றுதான். உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைக்காது. மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும் என்கிறார்கள். அவன் தலை காலியாக ஏழு வருடம் பிடித்தது. அப்படிப் பார்த்தால் ஒருநாளைக்குச் சுமார் நாற்பது பொய். நாற்பது அதிகம் என்று நினைப்பவர்கள், காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி மாலையில் திரும்பும்வரை தங்களிடம் சொல்லப்படுவதை ஒருநாள் எண்ணிப் பார்க்கட்டும். நான் எண்ணினேன். நாற்பத்து மூன்று வந்தது, அன்றைக்கு எனக்கு விடுமுறை வேறு.

ஊரில் அவனுக்குக் குடைக்காரன் என்று பெயர். அந்தப் பிரிவுக்கு வந்து சேரும் பொருட்களில் பாதிக்கு மேல் குடைகள் என்பதால் அது ஒட்டிக்கொண்டது. வேலையில் சேரும்போது வயது இருபத்து மூன்று. நெற்றியில் வந்து விழும் அடர்த்தியான சுருட்டை முடி. பேசும்போது அதை இரண்டு விரலால் ஒதுக்கிவிடுவது பழக்கம். கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு காலையில் சீப்பில் வழக்கத்துக்கு மேல் முடி வந்தது. முதலில் சீப்பைச் சந்தேகப்பட்டு மரச்சீப்பு வாங்கினான். அப்புறம் சோப்பைச் சந்தேகப்பட்டான். அப்புறம் தலையணை உறையை. மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து அரைமணி நேரம் உள்ளே உற்றுப் பார்த்தான். இவன் எதையோ கலக்கிறான் என்று சந்தேகப்பட்ட கீழ்வீட்டுக்காரர் அன்றிலிருந்து கேனில் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார். வம்சத்தில் யாருக்காவது உண்டா என்று பழைய ஆல்பத்தை எடுத்தான். அப்பா, பெரியப்பா, தாய்மாமன்கள் இரண்டு பேர், எல்லோரும் தலை நிறைய முடியோடு நின்றார்கள். போட்டோக்காரன் மை தீட்டியிருப்பான் என்று அதையும் நம்பவில்லை. ஒரு வருடத்துக்குள் வகிடு கீழே இறங்கிக் காதை நெருங்கியது. காற்றடிக்கும் திசை பார்த்து நடந்தான். பேருந்தில் கடைசி இருக்கை கிடைத்தால்தான் உட்கார்ந்தான், பின்னால் யாரும் இருக்கக்கூடாது. கண்ணாடி வைத்த லிஃப்டில் ஏறாமல் ஆறு மாடி நடந்தான். எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ என்று யாராவது ஆரம்பித்தால், நான் எடுக்கிறேன் என்று முந்திக்கொண்டு கேமராவை வாங்கினான்.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், அவன்மேல் பிரியம் வைத்தவர்கள்தான் அவனை அதிகம் மொட்டையடித்தார்கள். அம்மா தினமும் எண்ணெய் தேய்த்துவிடுவாள். “எங்கடா கொட்டியிருக்கு? எல்லாம் அப்படியேதான் இருக்கு, நீயா நெனச்சுக்கற” என்பாள், அவள் உள்ளங்கையிலேயே ஒரு முடி வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முன்னைவிட இப்போது அடர்த்தியாகத் தெரிவதாகச் சொல்வாள், இன்னொன்று வரும். முடிவெட்டும் கடைக்காரர், இந்த வயதில் எல்லோருக்கும் கொஞ்சம் கொட்டும், தானாகத் திரும்பிவிடும் என்று அடித்துச் சொன்னார். அவருடைய தலையே துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. தோல் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து ஆறே மாதத்தில் பலன் தெரியும் என்றார். அந்த மாத்திரையில் அவருக்கே நம்பிக்கையில்லை என்பது அவர் மேஜையில் விழுந்த முடியிலிருந்து தெரிந்திருக்கும், பார்க்கத் தெரிந்தவர் அப்போது யாருமில்லை. கூட வேலை பார்த்தவர்கள், தெருவில் எதிர்ப்பட்டவர்கள், கல்யாணமாகிப் போன தங்கை, எல்லோரும் ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லியே முன் நெற்றியை இரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

உண்மையை அவன் கண்டுபிடித்தது கவுண்டரில். அங்கே ஒரு முறை உண்டு: பொருளைக் கேட்டு வருகிறவர் அதைப் பார்ப்பதற்கு முன்னால், சீட்டில் எழுதியிராத ஓர் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்துத் திங்கட்கிழமை, நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து கறுப்புக் குடையைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். கறுப்புக் குடையில் என்ன அடையாளம் இருக்கப்போகிறது, ஒரு கம்பி கொஞ்சம் வளைந்திருக்கும் என்றார். எந்தக் குடையில்தான் வளையவில்லை. அவர் “என் குடைதாங்க அது” என்று சொன்ன நொடியில் பதிவேட்டின் மேல் ஒரு முடி வந்து விழுந்தது. பின்னாலேயே வந்த வயதான டீச்சர், பல்செட்டைத் தொலைத்தவர், வாயைப் பொத்திக்கொண்டே கீழ்வரிசையில் மூன்றாவது பல் ஓரத்தில் உடைந்திருக்கும் என்றார். ஒன்றும் விழவில்லை, பல்லும் அப்படியே உடைந்திருந்தது. அவனுக்கு மூக்கில் வியர்த்தது. ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். சொன்ன பொய்க்குத்தான் விழுந்தது, படிவத்தில் எழுதிய பொய்க்கு விழவில்லை. தெரியாமல் தப்பாகச் சொன்னதற்கு விழவில்லை. பொய் சொல்கிறவர் அவனைப் பார்த்துச் சொன்னாலும் பார்க்காமல் சொன்னாலும் விழுந்தது. ஐந்தாம் நாள் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது அவன் தலையைக் கொடுக்காமல் எழுந்து போய்விட்டான். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கு அன்றைக்கு முழுக்க அழுகையாக வந்தது.

அவன் பாட்டுக்கு இதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். கெடுத்தது அவனுடைய வெட்கம்தான். அந்தப் பிரிவைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா முன்பு ஒருமுறை யாரோ தவறவிட்ட தோட்டின் திருகாணியைக் குப்பையோடு தள்ளிவிட்டு மெமோ வாங்கியவர். அன்றிலிருந்து மண்ணும் தூசியும் தவிர வேறு எது தரையில் கிடந்தாலும், உரியவர் யாரென்று கேட்பார். தெரியவில்லையென்றால் விதிப்படி பழுப்பு உறையில் போட்டு, தேதி, நேரம், கிடந்த இடம் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார். கவுண்டருக்கடியில் இருந்து ஒருநாள் முடியை எடுத்து அவன் முன்னால் நீட்டி, “இது உங்களுதா தம்பி?” என்று கேட்டார். வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள், அதில் இரண்டு பேர் கல்லூரிப் பெண்கள். “இல்லக்கா” என்றான். தன் பொய்யும் கணக்கில் சேரும் என்பது அவனுக்கு அப்போது தெரியாது, இன்னொன்று விழுந்தது. அக்கா அதையும் எடுத்துக்கொண்டார். உரியவர் தெரியவில்லை என்று எழுதி இரண்டையும் தனித்தனி உறையில் போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. இந்தக் கதையில் நான் சொல்லும் தேதிகளுக்கும் நேரங்களுக்கும் அந்த உறைகள்தான் ஆதாரம், என் கற்பனை இல்லை.

வருடாந்திரத் தணிக்கைக்கு வந்த கண்காணிப்பாளர் பழுப்பு உறைகள் நாலு அலமாரியை அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இது யாருடைய முடி என்று துருவ ஆரம்பித்தார். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கிய மனிதர். உறையில் இருந்த நேரத்தையும், பதிவேட்டில் அந்த நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சூட்கேஸ் கேட்டவர் பெயருக்கு நேராக ஓர் உறை. தோல் பை கேட்டவருக்கு மூன்று. அவருடைய சொந்த மச்சான் பெயருக்கு நேராக ஏழு உறை இருந்தது. மச்சானைக் கூப்பிட்டு விசாரித்ததில், வாங்கிப்போன கைக்கடிகாரம் அவருடையது இல்லை என்று ஒப்புக்கொண்டார். முடி தன்னுடையதுதான், பொய்க்கு விழுகிறது என்று குடைக்காரனும் சொல்லிவிட்டான், விஷயம் மூன்றே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அதற்கப்புறம் தொலைத்தவர்கள் வருவது நின்று, சந்தேகம் பிடித்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். மனைவிகள் கணவன்மாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கவுண்டரில் நிறுத்தி, “இவர்கிட்ட சொல்லுங்க, போன ஞாயிற்றுக்கிழமை எங்க போனீங்க?” என்றார்கள். கூட்டாக மரக்கடை வைத்திருந்தவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அழைத்து வந்தார்கள். மாறி மாறி ஆறு விழுந்தது, கடை அடுத்த வாரமே நடுவில் சுவர் எழுப்பிப் பிரிந்தது. மாமியார்கள் வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்கள் மொத்தமாக வந்தார்கள், யாரோ ஒருத்தர் தலைமையாசிரியருக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார் என்று. குடைக்காரன் கதவைச் சாத்திப் பார்த்தான், ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் தலை என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஒருவருக்கும் அக்கறையில்லை. எல்லோருடைய கண்ணும் உச்சியிலேயே இருந்தது, முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரே வருடத்தில் உச்சி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது.

பிறகு ஊருக்குப் புத்தி வந்தது என்று சொல்ல மாட்டேன், பயம் வந்தது. பொய் வெளியே வந்துவிடும் என்று தெரிந்ததும் அவனிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். பழக்கடைக்காரர் விலையை அட்டையில் எழுதிக் காட்டினார். அவன் நுழைந்ததும் டீக்கடை பெஞ்சில் பேச்சு பாதியில் நிற்கும். பெண் பார்க்கலாம் என்று தரகர் கொண்டுவந்த இரண்டு இடத்தாரும் அவன் வழுக்கையைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள், எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்கத் துணியவில்லை. அம்மாகூட அவனிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினாள், அதையும், “மழை வர்ற மாதிரி இருக்கு, ஆனா நான் நிச்சயமா சொல்லலப்பா” என்று முடித்தாள். இவன் பங்குக்கு இவனும் சும்மா இருக்கவில்லை. பேசினால் என்ன பொய் என்று பார்த்தான், பேசாவிட்டால் எதை மறைக்கிறார்கள் என்று யோசித்தான். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. இருபத்தாறு வயதில் அவனுக்கு ஐம்பது வயதுக்காரனின் பார்வை வந்துவிட்டது.

ஊரே வாயை மூடிக்கொண்ட பிறகும் வலது பக்கம் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. காலை பத்து மணிக்கு ஐந்து, மதியம் மூன்று, மழை நாளில் கணக்கே இல்லை. ஒரு வாரம் யோசித்ததில் பிடிபட்டது: கவுண்டருக்கு வலது பக்கம், சரியாக அவன் காதுக்கு மேலே ஒலிபெருக்கி இருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் வந்து சேரும், இன்னும் சிறிது நேரத்தில் வந்து சேரும் என்று அது சொல்லிக்கொண்டேயிருந்தது. இரண்டு மணி நேரம் தாமதம் என்று கையிலே சீட்டு வைத்துக்கொண்டு யாரோ அப்படிச் சொல்கிறார்கள். அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று ஏறி அறிவிப்பு அறையின் கதவைத் தள்ளினான்.

உள்ளே கண்ணாடி ஜன்னலோரம் மைக்குக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவனைவிட ஒரு வயது குறைவு. ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகள். அந்த அறையில் எந்தத் தகவலும் சீட்டில்தான் வரும், சீட்டில்தான் போகும், மைக் திறந்திருக்கும்போது யாரும் வாய் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். அவன் கத்தி முடிக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மைக்கின் பொத்தானை அணைத்தாள்.

“எழுதிக் குடுக்கறத படிக்கறது என் வேலைங்க. ஆனா நீங்க சொல்றது நிஜந்தான். வலது பக்கம் ரொம்பக் கம்மியா இருக்கு. பின்னாடி மொத்தமா போயிடுச்சு.”

ஒன்றும் விழவில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருத்தர் அவன் தலையைப் பற்றி உண்மையைச் சொல்லியிருந்தார். உட்காரலாமா என்று கேட்டான். அன்றிலிருந்து ஒலிபெருக்கி, ரயில் தாமதமாக வரும் என்று மட்டும் சொன்னது. எவ்வளவு தாமதம் என்றும் சொன்னது. பயணிகள் புகார் கொடுத்தார்கள், அவள் ஒரு மெமோ வாங்கினாள், அதைப் பற்றி அவனிடம் வாயே திறக்கவில்லை.

தினமும் நாலு மணிக்கு இரண்டு ரயில்களுக்கு நடுவே அரைமணி நேரம் ஓய்வு. அவன் இரண்டு கிளாஸ் டீயோடு படியேறுவான். அவள் நன்றாகப் பேசுவாள். அறையின் கூரை ஒழுகுவது, கடன்காரனைப் பார்த்த மாதிரி தன்னைப் பார்த்து ஓடும் அண்ணன், எந்த ஓட்டுநர் வண்டியை உலுக்காமல் நிறுத்துவார், எல்லாம் சொல்வாள். ஒரு முடி விழாது. டாக்டர் கொடுத்த மாத்திரைகளைவிட அந்த அரைமணி நேரம் அவன் தலைக்கு நல்லது செய்தது. ஆனால் பேச்சு அவர்கள் இருவரையும் நோக்கித் திரும்பினால் போதும், அவள் கை பென்சிலைத் தேடும். சீட்டில் எழுதி மேஜையில் நகர்த்துவாள். “இன்று ஏன் தாமதம்? காத்திருந்தேன்.” “நீலச் சட்டை நன்றாக இருக்கிறது.” மூன்றாம் வருடம் ஒரு மழை நாளில், “எனக்கு உங்களைப் பிடிக்கும்.” அதற்கடுத்த வாரம், “தலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.” எல்லாவற்றையும் அவன் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன். அவனோ ராத்திரி அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தான். எழுதிய பொய்க்கு முடி விழாது என்பது அவளுக்கும் தெரியும்தானே. மற்றதையெல்லாம் வாயால் சொல்கிறவள் இதை மட்டும் ஏன் எழுதுகிறாள்?

கேட்டான். “உங்கள் முடி வீணாக வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்தாள். அதையும் எழுதித்தான் கொடுத்தாள். அவன் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், எழுத்து எங்கேயாவது தயங்கியிருக்கிறதா என்று. பெருக்குகிற அக்காவிடம், ஒருத்தர் பேசாமல் எழுதிக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டான். “யோசிச்சு சொல்றாங்கன்னு அர்த்தம் தம்பி. நல்லதா கெட்டதான்னு என்னைக் கேக்காதீங்க, உங்க தலையில இருக்கறத நான் குறைக்க விரும்பல” என்றார் அக்கா. அது நியாயமாகத்தான் பட்டது.

முப்பதை நெருங்கும்போது தலையில் இருநூறு சொச்சம் மிச்சம். அவன் அவற்றைச் செலவழிக்கப் பயந்தான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். பின்பக்கத்துக் கிடங்கு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு குடைகளுக்கு நடுவே உட்கார்ந்தான். ஒரு விக் வாங்கிப் பார்த்தான், நல்ல உயர்ந்த ரகம். கண்ணாடி முன்னால் நின்று, “இயற்கையா இருக்கு, யாருக்கும் தெரியாது” என்று தனக்குத்தானே சொன்னதும், விக்குக்கு அடியிலிருந்து ஒரு முடி நழுவிக் கழுத்தில் விழுந்தது. விக்கை ரயிலில் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தான். அது மறுநாள் காலை அவனுடைய பிரிவுக்கே சீட்டு கட்டப்பட்டு வந்து சேர்ந்தது, தொண்ணூறு நாள் அலமாரியிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சு முழுசாகக் காப்பாற்றவில்லை. தங்கை குடும்பத்தோடு ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போனதில் மட்டும் எண்பது போனது. நல்ல பெண், எல்லோரையும் சந்தோஷமாக வைத்திருக்க நினைப்பவள்.

கடைசியில் இரண்டு இருந்தன, உச்சியில் ஒன்று, இடது காதுக்கு மேலே ஒன்று. அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. ஒரு நாள் பயண தூரத்தில் பெரிய சந்திப்பு நிலையம், எட்டு நடைமேடை. போக விருப்பமில்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை நாலு மணிக்கு அவன் டீயோடு போனபோது மேஜையில் சீட்டு தயாராக இருந்தது: “போகட்டுமா, இருக்கட்டுமா?”

அவன் டீயை வைத்துவிட்டுக் காதிலிருந்த பஞ்சை எடுத்தான். சீட்டைத் திருப்பி அவள் பக்கமே நகர்த்தினான்.

“பேப்பர் வேண்டாம். வாயால சொல்லுங்க. என்னைப் பிடிச்சிருக்கா?”

அவள் அவன் தலையைப் பார்த்தாள். “ரெண்டுதான் இருக்கு.”

“தெரியும்.”

பென்சிலைக் கீழே வைத்தாள். “பிடிச்சிருக்கு.”

இருவரும் காத்திருந்தார்கள். கீழே ஒரு சரக்கு வண்டி முழுதாகக் கடந்து போனது. ஒன்றும் விழவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டு டீயைக் குடித்திருப்பார்கள். ஏழு வருடம் சந்தேகத்திலேயே ஊறியவன், அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“இந்த வழுக்கை உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லையா?”

“இல்ல” என்றாள், கொஞ்சம் சீக்கிரமாகவே. உச்சியில் இருந்தது மேஜைக் கண்ணாடியின் மேல் வந்து விழுந்தது.

அவன் முகம் விழுந்துபோனது. நினைத்தேன், நினைத்தேன் என்று ஒரு பக்கம் மனது சொல்லிக்கொண்டது. இன்னொரு பக்கம், கேட்காமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது. அவள் அந்த முடியை விரலால் தொட்டாள். அப்புறம் எழுதவில்லை, பேசினாள், தங்களைப் பற்றி அவ்வளவு நேரம் அவள் பேசி அவன் கேட்டதில்லை.

“சரி, பொருட்டுதான். மொத நாள் சண்டை போட வந்தீங்களே, அப்ப இடது பக்கம் நெத்தியில ஒரு சுருள் மிச்சம் இருந்துச்சு. நான் அதத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க கத்தினதுல பாதி என் காதுலயே விழல. அது போனப்ப மூணு நாள் நான் ஒழுங்கா சாப்பிடல. இத எப்படிங்க உங்ககிட்ட சொல்றது? இல்லன்னு சொன்னா முடி போயிடும், ஆமான்னு சொன்னா நீங்க போயிடுவீங்க. அதான் எழுதினேன்.”

காதுக்கு மேலே இருந்தது அசையவில்லை. அத்தனையும் உண்மை. தன் முடிக்காக இன்னொருத்தர் வருத்தப்பட்டிருக்கிறார் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது. இத்தனை வருடம் அந்தத் துக்கத்தைத் தனியாகத்தான் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் ஆண்பிள்ளை, அப்படியே உட்கார்ந்திருக்க முடியவில்லை. கையை ஆட்டி, “பரவால்ல, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல” என்றான்.

கடைசி முடி அதற்குத்தான் விழுந்தது. தோளில் பட்டு, அங்கிருந்து டீ கிளாஸுக்குள் போனது. இருவரும் அதையே பார்த்தார்கள். அவள்தான் முதலில் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. பிறகு அவனும் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்து எத்தனை வருடமாகியிருந்தது என்று அவனுக்கே தெரியாது. சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: “நான் போகல. வேண்டாம்னு காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன். சும்மா நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்.”

இதை வைத்துப் பார்க்க அவன் தலையில் இப்போது எதுவுமில்லை. அவள் கொடுத்ததாகச் சொன்ன கடிதம் இருந்தால் நிலைய அதிகாரியின் மேஜையில் உள்வரும் தட்டில் இருக்கும், அந்தத் தட்டுக்குப் பூட்டும் கிடையாது, அவர் நாலரை மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார். குடைக்காரன் படியிறங்கி அந்த அதிகாரியின் அறையைத் தாண்டித்தான் கிடங்குக்குப் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றான், பெருக்குகிற அக்கா பார்த்திருக்கிறார். உள்ளே போகவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமையும் அதே வழியாக ஆறு தடவை போய்வந்தான், உள்ளே நுழையவில்லை. அவன் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று பிற்பாடு அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணம் நடந்தது. அம்மாவும், தங்கையும், அவளுடைய அண்ணனும், பெருக்குகிற அக்காவும் வந்திருந்தார்கள். தலையை எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு எதிர்ச் சுவரில் விழுந்தது, அதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிவாளர் மணப்பெண்ணைப் பார்த்து, முழுச் சம்மதத்தோடுதான் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று கேட்டார். “ஆமா” என்றாள், அவனைப் பார்த்துக்கொண்டே. அவனுடைய கை பழக்கத்தில் பாதி தூரம் தலைக்குப் போனது. பிறகு கீழே இறங்கி, பேனாவை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டது.